உப்பில்லாச் சோறு

மாத்திரை வேண்டாம் என்று இனியா சொன்னதும் தேவிப்ரியா தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தாள்.

போன வருடமும் இப்படித்தான் ஆரம்பித்தது. தனக்கு ஒன்றுமில்லை, மாத்திரை எதற்கு என்று கேட்ட பெண், அடுத்த வாரம் தூக்கமே இல்லாமல் வீட்டுச் சுவர் முழுக்க எழுதித் தள்ளினாள். பிறகு செங்கம் ரோட்டில் பஸ்ஸை மறித்து நின்றாள். இரண்டு பேர் பிடித்துத்தான் ஆட்டோவில் ஏற்ற முடிந்தது. பைபோலார் மனநோய், லித்தியம் மாத்திரையை விடக்கூடாது என்றார் டாக்டர் கீதாஞ்சலி. அன்றிலிருந்து பத்தொன்பது வயது மகளின் நாக்கைத் தூக்கச் சொல்லி, மாத்திரை உள்ளே போய்விட்டதா என்று பார்ப்பது தேவிப்ரியாவின் வேலையானது.

"ஏன் வேணாங்கற?"

"குமட்டுதும்மா. உடம்பு ஒரு மாதிரி இருக்கு."

"வெயிலு. எல்லாருக்கும்தான் இருக்கு."

"அப்புறமா போட்டுக்கறேன்."

அதுவும் பழைய வார்த்தைதான்.

சித்ரா பௌர்ணமி. அடி அண்ணாமலையில் அவர்கள் வாசலைத் தாண்டி மத்தியானத்திலிருந்தே கூட்டம் போய்க்கொண்டிருந்தது. கிரிவலப் பாதையோரம் கணவர் சக்திவேல் கரும்புச்சாறு பிழிந்துகொண்டிருந்தார். பொழுது சாய்ந்ததும் தாயும் மகளும் மலை சுற்ற வேண்டும். நோய் ஒரு வருடம் திரும்பாமல் இருந்தால் உப்பை விட்டு விரதமிருந்து சுற்றுவதாக தேவிப்ரியா வேண்டிக்கொண்டிருந்தாள். சித்திரை பிறந்ததிலிருந்து உப்பில்லாச் சோறு. "எனக்காகத்தானே இருக்கற, நானும் இருக்கேன்" என்று இனியாவாகவே சேர்ந்துகொண்டாள். முதல் நாள் சாம்பாரை வாயில் வைத்து, "பினாயில் இதவிட நல்லாருக்கும்" என்று அவள் முகம் சுளித்தபோது மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

நேற்றிலிருந்து இனியாவுக்கு வயிற்றுப்போக்கு. அம்மா மோர் கொடுத்தாள், அதுவும் உப்பில்லாமல்.

தேவிப்ரியா சமையலறைக்குப் போய் மாத்திரையை இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவே வைத்து நசுக்கினாள். பொடியைத் தயிர்சோற்றில் கலந்தாள். தெரியாமல் கலந்து கொடுக்காதீர்கள், அப்புறம் உங்கள் கைச்சோற்றையே நம்ப மாட்டாள் என்று டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

ஐஸ் எடுக்க வந்த சக்திவேல் பார்த்துவிட்டார். "இன்னா பண்ற?"

"உங்க பொண்ணு ஆரம்பிச்சிட்டா. மாத்திரை வேணாமாம்."

"ஒரு வேளதானே, விடேன்."

"ஒரு வேளதான்னு விட்டுத்தானே பஸ்ஸு முன்னாடி போய் நின்னா?"

அவர் ஐஸை எடுத்துக்கொண்டு போனார்.

இனியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோற்றை அள்ளினாள். கை வாய்க்குப் போகவில்லை. மணிக்கட்டிலிருந்து உதறி, பருக்கைகள் தாவணியெல்லாம் சிதறின. மறுபடி அள்ளினாள். மறுபடி சிதறியது.

"நீயே... ஊட்டும்மா. சாப்ட்டாத்தானே... சுத்த முடியும்."

வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

தேவிப்ரியா ஒரு கவளம் உருட்டினாள். இனியா வாயைத் திறந்து காத்திருந்தாள். கவளம் பாதி தூரத்தில் நின்றது.

நோய் ஏறும்போது இவள் பேச்சை யாராலும் எட்டிப்பிடிக்க முடியாது. கண் பளபளக்கும். தட்டு பறக்கும். இன்று இமை பாதி மூடியிருக்கிறது. சொன்னதைக் கேட்கப் பார்க்கிறாள், உடம்பு கேட்கவில்லை. ஒரு வருடமாக நாள் தவறாமல் பார்த்த முகம். இதை தேவிப்ரியா முன்பு பார்த்ததில்லை.

கவளத்தைத் தட்டில் போட்டுவிட்டு டாக்டருக்கு போன் செய்தாள்.

"டாக்டர், இனியா அம்மா பேசறேங்க." நடுக்கத்தையும் குழறலையும் வயிற்றுப்போக்கையும் சொன்னாள்.

"எழுந்து நடக்கச் சொல்லுங்க."

இனியா சுவரைப் பிடித்து எழுந்தாள். காலை அகட்டி வைத்து நடந்து கதவில் மோதினாள்.

"தள்ளாடறா டாக்டர்."

"வேற மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா? சாப்பாட்டுல எதுனா மாத்துனீங்களா?"

"இல்லீங்க. விரதம்தான். தண்ணியெல்லாம் குடிக்கறா. உப்பு மட்டும் சேத்துக்கல."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"உப்பு கொறஞ்சா லித்தியம் வெளிய போகாம உடம்புலயே தங்கிடும்மா. வேர்த்தாலும், வயித்தால போனாலும் இன்னும் ஏறும். மொத நாளே சொன்னேனே. போன மாசம் ரத்தம் பாக்கச் சொன்னது?"

"விரதம் முடியட்டும்னு..." முதல் முறை டாக்டரிடம் போனபோது, இனியாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டவற்றில் மாத்திரை தேவிப்ரியாவின் காதில் விழுந்தது, தண்ணீர் விழுந்தது. உப்பு விழவில்லை.

"இப்ப மாத்திரை குடுத்துட்டீங்களா?"

அவள் தட்டைப் பார்த்தாள். "காலைல குடுத்தேன். இப்ப குடுக்கல."

"குடுக்காதீங்க. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. நான் பேசி வெக்கறேன்."

பாதையில் வண்டிகளுக்குத் தடை. சக்திவேல் பைக்கை எடுத்தார். மகளை நடுவில் உட்காரவைத்து தேவிப்ரியா பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். தடுப்புக்கருகே போலீஸ்காரர் கையை நீட்டினார்.

"யோவ், இன்னிக்கு வண்டி விடக்கூடாதுன்னு தெரியாது?"

"பொண்ணுக்கு முடியல சார்."

அவர் இனியாவின் தொங்கும் தலையைப் பார்த்தார். "இன்னா, குடிச்சிருக்கா?"

மகள் மாத்திரை சாப்பிடுவதைத் தேவிப்ரியா இதுவரை பக்கத்து வீட்டில்கூடச் சொன்னதில்லை.

"மனநோய்க்கு மாத்திரை சாப்பிடறா. அது உடம்புல ஜாஸ்தியாயிடுச்சு. வழி விடுங்க சார்."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போலீஸ்காரர் தடுப்பை இழுத்துவிட்டு விசில் ஊதிக்கொண்டே முன்னால் ஓடினார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சலைன் இறங்கியது. லித்தியத்தை நிறுத்தினார்கள். சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மருந்து நின்றதால் நோய் திரும்பலாம், கவனமாக இருங்கள் என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் இனியா தம்ளரைத் தானே பிடித்துக் காபி குடித்தாள்.

"அந்தச் சோத்துல கலந்திருந்தே, இல்ல?"

தேவிப்ரியா தலையசைத்தாள்.

"தெரியும். ஸ்பூன்ல நசுக்கற சத்தம் கேட்டுச்சு."

"தெரிஞ்சேவா வாயத் தெறந்த?"

"சொன்னா நம்பவா போற? சண்ட போடத் தெம்பில்லம்மா."

தேவிப்ரியா போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டாள். ஏற்கெனவே அது சரியாகத்தான் இருந்தது.

நர்ஸ் வந்து ஒரு மாத்திரையை மேசையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். வெள்ளையாக, நீளமாக இருந்தது. இனியா அதை எடுக்கவில்லை.

"இது இன்னாது?"

வாயில் போட்டுக்கொள் என்ற சொல் தேவிப்ரியாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தெரியல. கேட்டுட்டு வர்றேன், இரு" என்று எழுந்து நர்ஸின் பின்னால் போனாள்.