1938இல் உடையாத பூசணிக்காய்

சேலத்துக்கு வெளியே, ஏற்காடு மலையடிவாரத்தில், சினிமாப் படத்துக்காகச் செட் போட்டிருந்த 1938ஆம் வருஷம் பூசணிக்காய் உடைத்தால்தான் முடியும். எந்தப் படத்துக்கும் கடைசி நாளில் சூடம் ஏற்றிப் பூசணிக்காய் உடைப்பது வழக்கம்தான். சாதாரணப் படமென்றால் உடைக்க மறந்தாலும் சாயங்காலம் வேன் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். பழைய காலத்துப் படத்தில் அந்தப் பேச்சே இல்லை. காய் உடையும்வரை உள்ளே இருப்பவர்கள் அந்த வருஷத்திலேயே கிடக்க வேண்டியதுதான். படத்தின் காய் எங்கே உடைந்தாலும் சரி, உடைந்தாக வேண்டும்.

புரொடக்ஷன் மேனேஜர் அருணகிரி இது தெரியாதவர் இல்லை. தெரிந்ததால்தான், முன்ஜாக்கிரதையாகப் பூஜை போட்ட அன்றே நல்ல வெண்பூசணி ஒன்றை வாங்கிவந்து ஜமீன் மாளிகை செட்டின் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். அங்கேதான் வினையை விலைகொடுத்து வாங்கினார்.

டைரக்டர் நிரஞ்சனுக்கு எல்லாம் நட்டநடுவில் இருக்க வேண்டும். படத்தில் பிஸ்தா பச்சை, ரோஸ், சந்தனம் இந்த மூன்று நிறம்தான். நிலா ரோஸாக வந்தது; வந்தும் நிம்மதி இல்லை, நடுவில் இல்லையென்று ஏணி போட்டு நகர்த்தினார்கள். மேஜை நடுவில் சாம்பல் பூத்துக் கிடந்த காயைப் பார்த்ததும் நிரஞ்சன், அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து காய் இல்லாத காட்சியே கிடையாது. ஜமீன்தார் கோர்ட்டுக்குப் போனால் அதுவும் கோர்ட்டுக்குப் போனது. அவர் படகில் ஏறினால் படகின் நடுவே அது உட்கார்ந்தது.

ஆகவே கடைசிக் காட்சி முடிந்து அருணகிரி சூடத்தோடு வந்து நின்றபோது, காட்சிக்குக் காட்சி எதுவும் மாறாமல் கன்டினியூட்டி பார்க்கும் பெனாசிர் குறுக்கே கையை நீட்டிவிட்டாள்.

"இத இப்ப உடைச்சா, எடுத்த அத்தன சீன்லயும் உடைஞ்சிரும் சார்."

அவள் சொல்வது நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் அருணகிரிக்கு எரிச்சலைக் கிளப்பியது. மறுநாள் காலையில் ஆத்தூரில் அவர் மகள் தமயந்திக்குக் கல்யாணம். தாயில்லாத பெண். கையைப் பிடித்துக் கொடுக்க அவரை விட்டால் ஆள் இல்லை. அந்த மனுஷனைப் போய் 1938இல் உட்காரவைத்து ஒரு காய் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

சேதி கேட்டு மதியம் தமயந்தியே கேட் வாசலுக்கு வந்தாள். கையில் மருதாணி. துணிப்பையில் வேறொரு பூசணிக்காய். கம்பிக்கு இந்தப் பக்கம் பையை வாங்கியபோது பைதான் வந்தது, காய் வரவில்லை. இந்த வருஷத்துக் காய் 1938இல் எப்படி முளைத்திருக்கும்? அருணகிரி தலையில் அடித்துக்கொண்டார். படக்காரர்களே அந்தக் காலத்து வேஷம் போட்டுக்கொண்டுதானே உள்ளே வந்தார்கள்.

தமயந்தி சளைக்கவில்லை. உழவர் சந்தைக்குத் திரும்பிப் போய் இன்னொரு காய் வாங்கினாள். அதற்குக் கோட்டு மாட்டி, தலைப்பாகை கட்டி, கரியால் மீசை வரைந்து கொண்டுவந்தாள். இந்தத் தடவை காய் முழுசாக உள்ளே வந்தது. அருணகிரி சூடத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நிரஞ்சன் வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் மனதிலிருந்த தாசில்தார் இவர்தானாம். ஒரே ஒரு காட்சி சேர்த்துக்கொள்ளலாம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. வேஷம் கொடுத்தபின் உடைக்க முடியுமா? நடிகர் சங்கத்தில் சும்மா விடுவார்களா?

"தம்பி, ஒரு காய் உடைக்கறதுக்கு என் பொண்ணு கல்யாணத்தையே உடைச்சிருவீங்க போலிருக்கே," என்றார் அருணகிரி. நிரஞ்சன் அவரைக் கொஞ்சம் வலதுபக்கம் தள்ளி நிற்கச் சொன்னார்.

பெனாசிர்தான் ஒரு வழி சொன்னாள். ஒரு காய் ஆளாக உள்ளே வந்திருக்கிறது. அதனால் ஒரு ஆள் படத்தின் காயாக வெளியே போகலாம், கன்டினியூட்டி கெடாது. மேக்கப்மேன் அருணகிரிக்கு உடம்பெல்லாம் விபூதி பூசினார். உச்சியில் ஒரு காம்பு வைத்தார். தமயந்தி அவரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டினாள்.

ஆத்தூர் பஸ்ஸில் கண்டக்டர், காயைக் காலடியில் வைக்கச் சொன்னார். எங்கப்பா என்றாள் தமயந்தி. அப்படியானால் ஜன்னலோரம் வைத்துக்கொள், காற்று வரும் என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் போனார்.

மறுநாள் மணவறையில் அருணகிரியை அரிசிமேல் உட்காரவைத்தார்கள். தமயந்தி தன் கையை அவர்மேல் வைத்து எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தாள். தாலி ஏறியது. அருணகிரி அழுதார். எத்தனை வருஷமாகக் காத்திருந்த நிமிஷம். விபூதி கரைந்து அரிசியில் ஒழுகியது, யாரும் துடைக்கவில்லை.

பொண்ணும் மாப்பிள்ளையும் மண்டப வாசலுக்கு வந்ததும், திருஷ்டி சுற்ற ஒரு பூசணிக்காய் வேண்டும் என்றார் மாப்பிள்ளையின் அத்தை. தமயந்தி அப்பாவை இறுக்கிக்கொண்டாள்.

"குடும்மா," என்றார் அருணகிரி. "அங்க அத்தன பேரும் வீட்டுக்குப் போகாமக் கெடக்குறாங்க."

அத்தை அவரை வாங்கி, தலையில் சூடத்தை வைத்தார். அது அருணகிரிக்குப் பொறுக்கவில்லை.

"இடதுபக்கம் போயிருச்சுங்க. நடுவுல வைங்க."

அத்தை நகர்த்தி வைத்து ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றி, வாசலில் போட்டு உடைத்தார். அருணகிரி எழுந்து வேட்டியில் ஒட்டியிருந்த விதைகளைத் தட்டிவிட்டுக்கொண்டு, சாப்பிடப் போனார். 1938 முடிந்து வேன்கள் அதற்குள் வந்து சேர்ந்திருந்தன. நிரஞ்சனும் ஆட்களும் முதல் பந்தியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணைப் பெற்றவருக்குக் கடைசியில் ஓர் இலைதான் மிச்சம்.

பக்கத்து இலையில் தாசில்தார் இருந்தார். பூசணிக்காய் கூட்டு வந்தபோது அவர் வேண்டாம் என்று கோட்டுக்கையால் இலையை மறைத்துக்கொண்டார். அருணகிரி மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.