கடல் பக்கத்துக் கதவு

ஊர் அவளைக் கதவுக்காரி என்றே கூப்பிட்டது. கடல் ஏறினால் தரை அதைவிடத் தாழ்ந்துபோகிற ஊர் அது. ஆறும் ஏழெட்டு ஓடைகளும் சேர்ந்து கடலில் விழும் இடத்தில் இரும்புக் கதவு ஒன்று உண்டு. கடல் ஏறும்போது அதை மூட வேண்டும், இறங்கும்போது திறக்க வேண்டும். கேட்க எளிதுதான். மாற்றிச் செய்தால் தெருவெல்லாம் கடல். அதனால்தானோ என்னவோ, வீட்டுப் பூட்டைக்கூட மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற பிறவி அவள்.

அன்று விடாத மழை. கதவுக்கு உட்பக்கம் ஆற்றுநீர் ததும்பி நின்றது. வெளிப்பக்கம் அலை அடித்த அடியில் அளவுப் பலகையே தெரியவில்லை. அப்படிப்பட்ட நாளில், பாதி மணல் நிரப்பிய பாட்டிலைக் கயிற்றில் கட்டி வெளிப்பக்கம் போடுவார்கள். அது அமிழ்ந்து, அடியோட்டம் இழுக்கும் பக்கம் போகும். மேலே மிதப்பதை நம்பக் கூடாது, அதைக் காற்று தள்ளும். புதிதாக வேலைக்கு வந்திருந்த தங்கை கணவனுக்கு இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

போன் அடித்தது. தங்கைதான். பக்கத்திலேயே, ஊரின் மிகப் பள்ளமான தெருவில் வீடு. வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்த உடம்பு, தையல்கூட இன்னும் ஆறவில்லை.

"அக்கா, தண்ணி வாசப்படி ஏறிடுச்சு. படகுல வரச் சொல்றாங்க. ஏற முடியாம வலிக்குது. நீ கதவத் திறக்கறதா இருந்தா நான் இங்கயே இருந்துக்கறேன்."

கதவுக்காரி எட்டிப் பார்த்தாள். வெளிப்பக்கத்தில் ஆகாயத்தாமரைக் கொத்துகள் சாரிசாரியாகக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. கடல் இறங்குகிறது என்று வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது அவளுக்கு. தன் முதுகில் அறைந்த காற்றும் கடலை நோக்கித்தான் வீசுகிறது என்பது புத்தியில் ஏறவே இல்லை.

"போக வேணாம். இப்பவே திறக்கறேன், வடிஞ்சிடும்."

"நீ சொன்னா சரிதான்கா."

தங்கை கணவன் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றான். "அண்ணி, பாட்டில் போடலையே?"

"பாட்டிலும் வேணாம், ஒண்ணும் வேணாம். உங்க பொண்டாட்டி தண்ணியில நிக்கறா. சக்கரத்தப் பிடிங்க மாப்பிள்ளை."

இருவரும் சுற்றினார்கள். கதவு முனகிக்கொண்டே ஏறியது. வெளியே போக வேண்டிய தண்ணீர் போகவில்லை. கதவுக்கு அடியில் நுரைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. போய்க்கொண்டிருந்த ஆகாயத்தாமரையும் சுழன்று திரும்பி அதோடு வந்தது.

"இறக்குங்க, இறக்குங்க."

அடித்துக்கொண்டு வந்த மரக்கட்டை ஒன்று கதவின் கீழே சிக்கியிருந்தது. சக்கரம் அசைய மறுத்தது. அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. தோளில் கிடந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வீட்டை நோக்கி ஓடினான்.

சக்கரத்தில் உடம்பு முழுவதையும் கொடுத்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது மறுபடியும் போன்.

"அக்கா, திறந்துட்டியா? தண்ணி கட்டில் வரைக்கும் வந்துடுச்சு. முகத்துல தெறிச்சுது, உப்புக் கரிக்குது."

"படகக் கூப்பிடு."

"நீ வேணாம்னதும் அனுப்பிட்டேனே."

தன் கையாலேயே கடலை அவள் வீட்டுக்குள் அனுப்பிவிட்ட கதவுக்காரி சக்கரத்தை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"மேசை மேல ஏறு. பிள்ளையத் தூக்கிப் பிடிச்சுக்கோ. உன் வீட்டுக்காரர் ஓடி வர்றாரு."

போனுக்குள் பிள்ளை வீறிட்டது. எதுவோ மிதந்து சுவரில் மோதும் சத்தம் கேட்டது. அதற்கு நடுவே, சின்ன வயதில் இவள் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிய அதே குரலில் தங்கை சொன்னாள்:

"சரிக்கா. நீ சொன்னா சரிதான்."