பெஞ்சு வருகிற பக்கம்

அந்த அச்சகத்தில் அவளுக்குப் பெயர் பட்டதாரி. மரியாதைக்காக வைத்த பெயரில்லை. "பட்டதாரி, ஃபேனப் போடு", "பட்டதாரி, டீ சொல்லிட்டு வா" என்று கூப்பிடுவதில் எல்லோருக்கும் ஒரு சுகம். அவள் வம்சத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். படித்து முடித்ததும் கிடைத்த வேலை, அடுத்தவர் எழுதிய கதையைச் சத்தம் போட்டு வாசிப்பது.

புரூஃப் பார்ப்பது அங்கே இரண்டு பேர் வேலை. எழுத்தாளர் கைப்பட எழுதிய தாளை ஒருத்தி நிறுத்தக்குறி முதற்கொண்டு விடாமல் வாசிப்பாள். எதிரில் இருப்பவள் அச்சடித்த தாளில் விரல் வைத்தபடியே வருவாள். வாசிப்பவள் வாயில் வராத சொல் அச்சில் இருந்தால் அது அடித்தவனின் தப்பு. சிவப்புப் பென்சிலால் சுழித்துவிட வேண்டியதுதான். அந்த அறையில் வாசிப்பவள் சொன்னதே வேதம்.

பட்டதாரி வாசித்தாள். எதிரில் பென்சிலக்கா. இருபத்திரண்டு வருஷமாகக் காதில் செருகிய பென்சில்தான் அவளுக்குப் பெயரும்.

"அவள் விம்மினாள் கமா விதி சிரித்தது கமா மழை அவள் கண்ணீரைக் கழுவியது புள்ளி."

"இந்த டீச்சர் கதையில மட்டும் யார் அழுதாலும் உடனே மழை வந்துடுது பாரு" என்றாள் பென்சிலக்கா. "எங்க வீட்ல தண்ணி வரலன்னுதான் அழுறோம். அழுதாலும் வரமாட்டேங்குது."

டீச்சர் என்பது நாவலாசிரியை. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மூன்று பரிசு வாங்கியவர். அவருடைய நாவல் எதை எடுத்தாலும் ஓர் ஏழைப் பெண் பதினெட்டு அத்தியாயம் படாத பாடு பட்டு, பத்தொன்பதாவதில் புன்னகையோடு செத்துப்போவாள். புரூஃபை டீச்சர் பார்க்கவே மாட்டார். பார்த்தால் மறுபடி அழுகை வந்து பிரஷர் ஏறிவிடுமாம். சமர்ப்பணப் பக்கத்தில் பெயர்கள் சரியா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்.

அந்த டீச்சர் வீட்டைப் பதினொரு வருஷமாகப் பெருக்கித் துடைப்பவள் பட்டதாரியின் அம்மா. அச்சகத்தில் இது யாருக்கும் தெரியாது. டீ வாங்கி வரச் சொல்பவர்களிடம் இதையும் சொல்லி வைப்பானேன் என்று அவள் வாயைத் திறக்கவில்லை.

இந்த நாவலின் கதாநாயகியும் வீடு துடைப்பவள்தான். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்த தழும்பு. பட்டதாரியின் அம்மா கையிலும் அதே தழும்பு. உலகத்தில் ஒருத்திக்குத்தான் கை வேகுமா என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டு வாசித்தாள். வாய் ஒரு வரியில் இருக்கும்போது கண் நாலு வரி முன்னால் ஓடுவது அந்தத் தொழிலின் பழக்கம். அப்படி ஓடிய கண் அடுத்த பக்கத்தில் போய் விழுந்தது.

பேருந்து நிலையம். சிமெண்ட் பெஞ்சு. ஆறு வயது மகளை அதில் உட்கார வைத்து, பிஸ்கட் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தாய் பேருந்து ஏறுகிறாள். திரும்பி வரும் எண்ணம் அவளுக்கு இல்லை. குழந்தையின் மடியில் மூன்று கால் பிளாஸ்டிக் யானை.

அந்த யானையின் நாலாவது காலைக் கடித்துத் துப்பியது பட்டதாரிதான்.

"என்னடி நிறுத்திட்ட?"

"தொண்டை கட்டிடுச்சுக்கா. மீதிய நாளைக்குப் பாக்கலாம்."

வீட்டில் அம்மா ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பட்டதாரி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னை பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டுப் போனியா?"

அம்மாவின் கை கொடியிலேயே நின்றது. "யார் சொன்னா?"

"உங்க டீச்சர். புத்தகமாவே போடுறாங்க. தழும்பு, பெஞ்சு, யானை, எல்லாம் இருக்கு. கடைசில நீ காய்ச்சல்ல செத்துட்ட."

"செத்துட்டனா?" அம்மா திரும்பினாள். "இன்னைக்குக் காலைலகூட அவங்க பாத்ரூமக் கழுவிட்டு வந்தேனேடி. ஒரு வார்த்தை சொல்லலியே."

பட்டதாரிக்குச் சிரிப்பு வந்தது. அதனால் கோபம் இரட்டிப்பானது. "பேச்சை மாத்தாத."

அம்மா தரையில் உட்கார்ந்தாள். "உங்கப்பன் ஓடிப்போன வருஷம். ஒரு வேளைக்கு இருந்தா மறு வேளைக்கு இல்ல. யாராச்சும் நல்ல வீட்டுக்காரங்க எடுத்துட்டுப் போய் வளப்பாங்கன்னு நெனச்சேன். பஸ் ஏறி வீட்டு வாசலுக்கே வந்துட்டேன். கதவத் தெறக்கலாம்னா சாவி இல்ல. ஒன் பைல போட்டிருக்கேன். பூட்ட ஒடச்சா வீட்டுக்காரன் விரட்டிடுவான். அதான் வந்தேன்."

"சாவிக்காகவா?"

"சாவிக்குத்தான்டி. வந்து பாத்தா, யானைக்கும் பெஞ்சுல எடம் விட்டு ஓரமா உக்காந்திருந்த. அதுக்கப்புறம் மனசு வரல."

அந்த நாள் பட்டதாரிக்கு நினைவிருந்தது. பிஸ்கட் இல்லாமல் வந்த அம்மா, வந்ததும் வராததுமாகப் பையைப் பிடுங்கித் துழாவினாள். பிறகு கன்னத்தில் ஓர் அறை. எதற்கு அந்த அறை என்று பதினாறு வருஷமாக விளங்காமல் இருந்தது.

"அந்தம்மா, தாய்மை உன்னை இழுத்துட்டு வந்துச்சுன்னு எழுதிருக்காங்க. சாவிய நீ சொல்லலியா?"

"சொன்னேனே. தரையத் தொடைக்கிறப்போ அவங்கதான் கேட்டாங்க, ஆறுதலா. சாவிய அவங்களுக்குப் பிடிக்கல போல." அம்மா தழும்பைத் தேய்த்தாள். "அங்க வர்றவங்க எல்லாம் இந்தக் கையப் பாத்துக்கிட்டேதான் காபி வாங்குறாங்க. படிச்சா அவ நாந்தான்னு தெரியாதா? சாகடிச்சா சாகடிக்கட்டும். பெத்த பொண்ண விட்டுட்டுப் போனவன்னு அவங்க முன்னாடி நான் எப்படி நிப்பேன்? அந்தப் பக்கத்த எடுத்துடு. நீ அங்கதான வேலை செய்யுற?"

"எனக்கு அந்த அதிகாரமெல்லாம் கிடையாதும்மா. தப்பு விழுந்திருந்தாதான் சொல்லலாம்."

"அது தப்பில்லாம பின்ன என்ன? இதுக்கா ஒன்னப் படிக்க வச்சேன்?"

பட்டதாரி அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். கதையில் கஷ்டப்படுகிறவளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பத்தொன்பதாவது அத்தியாயத்தோடு விடுதலை. அம்மா மறுநாள் காலை ஆறரைக்கு அதே வீட்டுக்குத் துடைக்கப் போக வேண்டும்.

மறுநாள் பட்டதாரி விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். பெஞ்சு வருகிற தாளைக் கீழே தள்ளிவிட்டு அதற்கடுத்த தாளை வாசித்தாள். குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

"நில்லு, நில்லு" என்றாள் பென்சிலக்கா. "இங்க முழுசா ஒரு பக்கம் இருக்கே."

"எங்கிட்ட இல்லக்கா."

"இல்லவே இல்லயா?"

"இல்ல."

பென்சிலக்கா அந்தப் பக்கத்தை மனசுக்குள் வாசித்தாள். மெதுவாக, கமா கமாவாக. பிறகு தலையைத் தூக்கிப் பட்டதாரியை ஒரு முறை பார்த்தாள்.

"டீச்சர் கேட்டா?"

"அவங்கதான் பாக்கமாட்டாங்களே."

"ஆமா, அழுகை வந்துடும்ல." காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். "வாசிக்கிறவ சொன்னா சரி." மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு இழுத்து, ஓரத்தில் சுழித்தாள். "மேல போ."

கையெழுத்துத் தாளைப் பட்டதாரி நாலாக மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மூன்று மாதத்தில் புத்தகம் வந்தது. டீச்சர் கவனிக்கவில்லை. பத்திரிகையில் ஒருவர், களங்கம் என்பதே அறியாத தாய், துயரத்தின் தூய வடிவம் என்று உருகியிருந்தார். வெளியீட்டு விழாவன்று வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள் என்று அம்மாவுக்கு லீவு இல்லை. சாப்பிட்ட தட்டையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தவளுக்கு டீச்சர் ஒரு பிரதி கொடுத்தனுப்பியிருந்தார். முதல் பக்கத்தில் 'உன் துயரத்துக்கு என் கண்ணீர்' என்று கையெழுத்து. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பட்டதாரி வாசித்துக் காட்டினாள். பழக்க தோஷத்தில் கமா, புள்ளி என்று சேர்த்தே வாசிக்க, "அதையெல்லாம் விடுடி, கதையச் சொல்லு" என்று அம்மா அதட்டினாள். பெஞ்சு வரவேண்டிய இடம் வந்தது, போனது. கடைசியில் கதாநாயகி சாகும்போது அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"பாவம், நல்லவ."

பட்டதாரிக்குச் சுருக்கென்றது. புத்தகம் முழுக்கப் பொய் அழுகை. உண்மையாக நடந்தது அந்த ஒரு பக்கம்தான், அதிலும் பாதி. அதைத்தான் தானே அடித்து நீக்க வைத்திருக்கிறாள்.

எதிர்வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றாள். "என்ன, உங்க கதைய புத்தகமாப் போட்டிருக்காங்களாமே?"

"ஆமாக்கா" என்றாள் அம்மா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா? ஆனா ஒண்ணுக்கா. சோத்துக்கு இல்லாத நாள்லகூட, ஒரு நிமிஷம் இவள நான் விட்டுட்டுப் போனதில்ல."

சொல்லும்போது அம்மா மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. குரலில் நடுக்கமும் இல்லை. நம்பியேவிட்டாள்.

பட்டதாரி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அந்தத் தாள் இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

"எங்கடி கெளம்பிட்ட?" அம்மா வாசலுக்கு வந்தாள். "சொல்லாமக் கொள்ளாம போறியே. நான் கடைக்குப் போகணும். சாவி எங்க?"

"எங்கிட்டதான் இருக்கு" என்றாள் அவள். சொல்லிவிட்டு, திரும்பாமல் நடந்தாள்.