இரண்டு தெரு வெளிச்சம்

எங்கள் நாற்சந்தியில் மூன்று முக்குகளை ஏற்கெனவே வங்கிகள் பிடித்துவிட்டன. நான்காவது முக்கில் என் நூல் கடை இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் போனது ரொட்டிக் கடை. காலையில் அந்தப் பக்கம் நடந்தாலே பசி எடுக்கும். அங்கே ஒரு வங்கி வந்தது: கண்ணாடிக் கதவு, பிளாஸ்டிக் செடி, மாலை ஆவதற்குள் பூட்டு. அடுத்து மருந்துக் கடை போனது, அங்கேயும் ஒரு வங்கி. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இப்போது பெரிய சாலையைத் தாண்டி ஓட வேண்டும், ஆனால் காய்ச்சலோடு சேர்த்து வங்கிக் கணக்கு ஆரம்பிக்க ஆசைப்பட்டால் ஆரம்பிக்கலாம். செருப்புக் கடை இடத்துக்கு மூன்றாவது வங்கி வந்தபோது, எதிரே இரண்டு இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று பலகை மாட்ட வந்தவனிடம் கேட்டேன். தெரிந்ததால்தான் வருகிறார்களாம். உள்ளே எட்டிப் பார்த்தால் மூன்றிலும் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் கட்டடத்தை அப்பா என் தம்பி பேருக்கு எழுதிவைத்தார். கடையை என் கையில் கொடுத்தார். கீழே என் கடை, மாடியில் தம்பி குடும்பம். மாதம் பிறந்தால் நானே மேலே போய் வாடகையைக் கொடுத்துவிட்டு, அவன் ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வருவேன். டி.வி.யில் வெளிச்சம் அடிக்கிறது என்று எந்நேரமும் ஜன்னல் திரையை இழுத்து மூடி வைத்திருப்பான். பட்டப்பகலில் சினிமாக் கொட்டகை மாதிரி இருக்கும்.

அந்த இருட்டில் வைத்துத்தான் ஒரு நாள் பேச்சை எடுத்தான்.

“அக்கா, கோபப்படாம கேளு.”

இவன் இப்படி ஆரம்பித்தால், கோபப்பட வேண்டிய விஷயம்தான் வரப்போகிறது என்று அர்த்தம்.

“கீழ இடத்தை பேங்க்காரங்க கேக்குறாங்க. நீ குடுக்கிறதை விடப் பல மடங்கு தர்றேங்கிறாங்க. பொண்ணு கல்யாணம் வேற நெருங்குது.”

“இன்னொரு பேங்க்கா? இருக்கிற மூணுலயே ஆளைக் காணோமே!”

“ஆள் வர்றது வராதது அவங்க கவலை. நமக்கென்ன? பின்னாடி கோடவுன் சும்மாதானே கிடக்கு, அங்க மாத்திக்கோ. வாடகையே வேணாம். உன்னைத் தேடி வர்றவங்க எங்க இருந்தாலும் வருவாங்க.”

வாடகையே வேண்டாம் என்றபோது அவன் முகத்தில் வந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும். கிணற்றில் தள்ளிவிட்டுக் கயிறு இலவசம் என்கிறான். வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொல்லிக் குமுறினேன். அவர், “அவன் கட்டடம், அவன் குடுக்கிறான், விடு” என்றார். அன்றைக்கு அவருக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது.

நூல் கடைக்கு முக்கு எதற்கு என்று கேட்கலாம். தம்பியே கேட்டான், அதே கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன். நூலைக் கடைக்குள் வைத்துப் பார்த்து வாங்குகிறவர் எங்கள் தொழிலுக்குப் புதியவர். துணியைக் கொண்டுவருவார்கள், நான் பொருந்துகிற மாதிரி நாலைந்து நூல்கண்டு எடுப்பேன், இரண்டு பேரும் வாசலுக்குப் போவோம். காலையில் ஒரு தெருப் பக்கம் வெளிச்சம், மதியத்துக்கு மேல் அடுத்த தெருப் பக்கம். எப்போது வந்தாலும் ஏதோ ஒரு வாசலில் நல்ல வெளிச்சம் இருக்கும். நூலை ஒரு இழை பிரித்துத் துணிமேல் போடுவேன். கண்ணுக்குத் தெரிந்தால் அது தப்பான நூல். விழுந்த இடம் தெரியாமல் போனால் அதுதான் சரி. பாக்கு நிறத்துக்கும் காப்பிக்கொட்டை நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குழல் விளக்கில் பார்ப்பது, மூக்கடைப்போடு சமையலை ருசி பார்க்கிற வேலை.

கத்தினேன், பேசாமல் இருந்தேன், சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடையைக் காலி செய்து சந்துக்குள் இருக்கும் கோடவுனுக்குப் போனேன். வாசலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் முகத்தில் இடிக்கும். நாள் முழுக்கக் குழல் விளக்கு.

முக்கில் வங்கி திறந்தார்கள். திறந்த கையோடு என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு தெருவையும் பார்த்த அந்தக் கண்ணாடிகள் முழுக்க, உள்பக்கத்திலிருந்து ஒரு படத்தை ஒட்டினார்கள். ஒரு அப்பா, ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள், எல்லோருக்கும் வாய் நிறையப் பல். அப்பா கையில் ஒரு சாவி. வெளிச்சத்தை அப்படியே அடைத்துவிட்டு, உள்ளே நண்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு இல்லாமல் போனாலும் இவர்களுக்காவது பயன்பட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

ஆரம்பத்தில் நானும் விடவில்லை. துணியையும் கண்டுகளையும் எடுத்துக்கொண்டு, வாங்க வந்தவரையும் இழுத்துக்கொண்டு, சந்திலிருந்து நடந்து போய் வங்கிப் படியில் நின்று பார்ப்பேன். காவலாளி வருவார்.

“அம்மா, இங்க நிக்காதீங்கம்மா. கேமராவுல மறைக்குதாம், மேனேஜர் என்னைத் திட்டுறார்.”

நான் பிறந்ததிலிருந்து நின்ற வாசற்படி. அதில் நிற்க ஒரு கேமராவிடம் அனுமதி கேட்க வேண்டுமா? ரோஷம் வந்து, போவதை விட்டேன். இத்தனை வருஷப் பழக்கம் இருக்கிறது, விளக்கிலேயே பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். தம்பி மகளின் கல்யாண உடுப்புக்கும் அப்படித்தான் நூல் எடுத்துக் கொடுத்தேன். மாந்தளிர் நிறத் துணி. ஒரு முறைக்கு இரண்டு முறை இழை போட்டுப் பார்த்தேன். விழுந்த இடம் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது தையல்கார அக்கா கோடவுனுக்கு வந்தாள். தெருவில் பாதிப் பேருடைய உடுப்பு அவள் கையில் தைத்ததுதான். அவள் கத்தரியைவிட வாய் கூர்மை. வந்த வேகத்தில் உடுப்பை என் மேசைமேல் போட்டாள்.

“என்னடி இது?”

பார்த்தேன். “நல்லாத்தானே தைச்சிருக்க?”

“கண்ணு போச்சா உனக்கு? எனக்கும் விளக்குல தைக்கும்போது தெரியல. காலையில ஜன்னல்கிட்ட மாட்டினேன், மாரடைப்பு வராத குறைதான். வா என்கூட.”

கையைப் பிடித்து முக்குவரை இழுத்துக்கொண்டு போனாள். வங்கிப் படியில் வைத்து உடுப்பை விரித்தாள். கழுத்திலிருந்து இடுப்புவரை ஒவ்வொரு தையலும் சிவப்பு எறும்பு வரிசை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. நான் கொடுத்த நூல். என் தம்பி மகள் உடம்பில் ஏறப்போகிற நூல்.

அந்த நேரம் பார்த்துக் காவலாளி வந்தார். “அம்மா, இங்க...”

அவரை முடிக்க விடவில்லை. உடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் தள்ளி உள்ளே போய்விட்டேன். பின்னாலேயே தையல்கார அக்கா.

உள்ளே வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். ஆளைக் கண்ட சந்தோஷம், பாவம்.

“வாங்கம்மா, உட்காருங்க. கணக்கு ஆரம்பிக்கணுமா?”

“கண்ணாடியில ஒட்டியிருக்கிற அந்தக் குடும்பத்தை எடுங்க. எனக்கு வெளிச்சம் வேணும்.”

“அது தலைமை அலுவலகத்துல சொல்லி ஒட்டினதும்மா. நான் தொடக்கூடாது.”

“இங்க யாராவது வர்றாங்களா?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பொய் சொல்ல வழியில்லை. “இப்ப யாரும்மா கிளைக்கு வர்றாங்க? எல்லாம் போன்லயே முடிச்சிடறாங்க.”

“அப்ப முக்கு எதுக்கு?”

“முக்குல போர்டு தெரிஞ்சாத்தாம்மா ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. மத்த மூணு பேரும் இருக்கும்போது நாங்க மட்டும் இல்லன்னா நல்லாவா இருக்கும்?”

அந்த மனுஷனிடம் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. ஒரு பலகைக்காக! ஆட்கள் வந்துபோகிற இடம்கூட இல்லை, பலகை மாட்டுகிற ஆணி! அதற்காகத்தான் ரொட்டி போனது, மருந்து போனது, என் கடை போனது. கண்ணாடியிடம் போனேன். படத்து அப்பாவின் பல் வரிசையில் நகத்தை வைத்து இழுத்தேன். மோவாய்வரை கிழிந்து வந்தது. ஒரு துண்டு வெயில் நேராக மேனேஜர் மேசையில் விழுந்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தம்பிக்குப் போன் போட்டார்.

தம்பி மாடியிலிருந்து வீட்டுச் செருப்போடு ஓடி வந்தான்.

“அக்கா! என்ன காரியம் பண்ற? மானம் போகுது, வா வெளிய.”

“இதைப் பாரு” என்று உடுப்பை விளக்கடியில் விரித்தேன். “உன் பொண்ணோடது.”

“நல்லாத்தானே இருக்கு? இதுக்கென்ன?”

“இப்ப வெளிய வா.”

படியில் நிறுத்திக் காட்டினேன். நூல் கடையில் வளர்ந்தவன், அவனுக்குச் சொல்லவா வேண்டும்? ஒரு தையலைத் தொட்டான், அடுத்ததைத் தொட்டான். முகம் சுண்டிப்போனது.

“நீயா எடுத்துக் குடுத்த?”

“நான்தான். நீ குடுத்த இடத்துல உட்கார்ந்து எடுத்தேன். கடையை வாடகைக்கு விட்டதா நினைச்சுக்கிட்டிருக்க. நீ விட்டது வெளிச்சத்தை.”

தையல்கார அக்கா, “பிரிச்சுத் தைக்க ரெண்டு நாள் போதும். ஆனா நல்ல நூலா இருக்கணும். அதை எங்க நின்னு பார்க்கிறது, கேட்டுச் சொல்லு” என்று தன் பங்குக்கு ஒரு போடு போட்டாள்.

தம்பி கையைப் பிசைந்தான். “வருஷக்கணக்குக்கு எழுதிக் குடுத்துட்டேன் அக்கா, இப்ப ஒண்ணும் பண்ண முடியாது. வேணும்னா செக்யூரிட்டிகிட்ட சொல்றேன். இந்தப் படியில நின்னு பார்த்துக்கோ. யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க.”

படியைத் தருகிறானாம். என் கடை வாசற்படியில் நின்றுகொள்ள எனக்கே பெரிய மனசு பண்ணுகிறான். பதில் சொல்ல நிமிர்ந்தவள், அப்போதுதான் மேலே பார்த்தேன். பலகைக்கு மேலே அவன் ஹால் ஜன்னல்கள். அந்தத் தெருப் பக்கம் ஒன்று, இந்தத் தெருப் பக்கம் ஒன்று. இரண்டிலும் திரை.

“படி வேணாம். உன் ஹாலைக் குடு.”

“எதை?”

“மேல, ரெண்டு தெருவையும் பார்த்த ஹால். டி.வி.க்காகத் திரை போட்டு மூடி வெச்சிருக்கியே, அது. வாடகை என்ன உண்டோ தர்றேன்.”

“அக்கா, அது நான் குடியிருக்கிற வீடு!”

“கீழ மட்டும் நான் சும்மா விளையாடிக்கிட்டா இருந்தேன்?”

“சோபா, டி.வி. எல்லாத்தையும் எங்க கொண்டுபோய்ப் போடறது?”

“பின்னாடி கோடவுன் காலியாகுதில்ல, அங்க மாத்திக்கோ. வாடகையே வேணாம். உன்னைத் தேடி வர்றவங்க எங்க இருந்தாலும் வருவாங்க.”

தான் சொன்ன வார்த்தைதான் அது என்பது அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. காது மடல் சிவந்தது.

மேலே திரை இழுபடுகிற சத்தம் கேட்டது. ஒரு ஜன்னல், பிறகு அடுத்தது. தம்பி மகள் தலையை நீட்டினாள். நாங்கள் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

“அத்தை, நூலை எடுத்துக்கிட்டு மேல வாங்க. இங்க வெளிச்சம் அள்ளுது.”

நான் கண்டுப் பெட்டியை எடுத்துவரச் சந்துப் பக்கம் நடந்தேன். தையல்கார அக்கா உடுப்போடு மாடிப்படி ஏறிவிட்டாள். தம்பி மட்டும் போக இடம் தெரியாதவன் மாதிரி வங்கிப் படியிலேயே நின்றான். காவலாளி அவனிடம் போய்ச் சொன்னது எனக்குக் கேட்டது.

“சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கேமராவுல மறைக்குது.”

கட்டடத்துக்குச் சொந்தக்காரன் தெருவில் இறங்கி நின்றான்.