பத்தொன்பது நிமிடம் பதினோரு விநாடி

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பத்தொரு ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார் அவர்கள், வரும் வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணியளவில், தமது இல்லத்தின் முன்னறையில் உயிர் நீக்க இருக்கிறார். அதற்கு முன்னதாக அவரது நினைவுகள் வயது வரிசைப்படி வெளிவரும். பொதுமக்கள் திரளாக வந்திருந்து சிறப்பிக்க வேண்டும். இந்த அறிவிப்பை அச்சடித்துத் தெருவுக்கு நான்கு வீதம் ஒட்டியவர் அவளுடைய கணவர்தான். அடியில் 'செயலாளர்' என்று கையெழுத்து. எதற்குச் செயலாளர் என்று யாரும் கேட்கவில்லை. நடைப்பயிற்சி மன்றம், தெருவிளக்குக் கண்காணிப்புக் குழு என்று ஊரில் ஒன்பது அமைப்புகளுக்கு அவர் செயலாளராக இருந்தவர். அமைப்புகள் எல்லாம் கலைந்துவிட்டன. அவர் மட்டும் கலையவில்லை.

அந்த ஊரில் சாகிறவர்களின் நினைவுகள் மண்டைக்குள்ளேயே அடங்கிப் போவதில்லை. அறைக்குள் வந்து நடமாடிவிட்டுத்தான் போகும். நினைவில் வருகிறவர்கள் நம் காலை மிதித்தால் வலிக்கும். லாரி ஓட்டுநர் ஒருவர் இறந்தபோது வீட்டின் முன்சுவரை இடித்து வழிவிட வேண்டியிருந்தது. இதற்கென்று நகரசபை ஒரு சுற்றறிக்கையே வைத்திருந்தது: நினைவில் வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடக் கூடாது, அவர்களிடம் பேச்சுக் கொடுப்பதில் பயனில்லை, நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்காது, வாசலை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது. ஆறு முறை நகரசபைத் தலைவராக இருந்த ஒருவர் இறந்தபோது ஊரே வேலையை விட்டுவிட்டுத் திரண்டு போனது. அவர் நினைவில் நாற்பது நிமிடம் அவரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, யாராவது கூப்பிடுவார்களா என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் பாதியிலேயே கலைந்துவிட்டது. சொந்தக்காரர்கள் மட்டும் எந்தச் சாவுக்கும் கடைசிவரை உட்கார்ந்திருப்பார்கள். அந்த நினைவில் தாங்கள் வருகிறோமா என்று பார்க்க வேண்டுமே.

கண்ணாடிக்காரம்மாவுக்குச் சாவதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. ஊரில் அவள் கை படாத மூக்கு கிடையாது. எந்த மூக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். மகளைப் படிக்க வைத்துக் கணக்கு டீச்சர் ஆக்கியாயிற்று. ஒரே ஒரு குறைதான், அது நாற்பத்தேழு வருடத்துக் குறை. பத்தொன்பது வயதில், ஊருக்கு மேற்கே இருந்த ஏரியை நீந்திக் கடக்கும் போட்டியில், அண்ணனுடைய அரைக்கால் சட்டையை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு இறங்கினாள். பதினோரு பேரில் ஒரே பெண். போட்டியைத் தொடங்கி வைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் வந்தபாடில்லை. வானம் கறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்த டிரில் மாஸ்டர், இதற்கு மேல் தாங்காது என்று விசிலை ஊதிவிட்டார். அவள்தான் முதலில் கரையைத் தொட்டாள். படகில் கூடவே வந்த டிரில் மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னார். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் ஒருவர் 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று அலறிக்கொண்டிருந்ததால், அது அவள் ஒருத்தியின் காதில் மட்டுமே விழுந்தது. அரைமணி கழித்துச் சிறப்பு விருந்தினர் காரில் வந்து இறங்கினார். உடனே வரவேற்புக் குழுச் செயலாளர், இருபத்தைந்து வயது, மார்பில் ரிப்பன் வைத்த பேட்ஜ், ஓடி வந்து விதியை எடுத்துரைத்தார்: தொடங்கி வைக்கப்படாத போட்டி தொடங்கவே இல்லை, தொடங்காத போட்டியில் யாரும் ஜெயிக்க முடியாது, ஆகவே இதுவரை நடந்தது ஒத்திகை. விருந்தினர் ஐம்பது நிமிடம் பேசிக் கொடியசைத்தார். மறுபடி நீந்தச் சொன்னார்கள். கை ஓய்ந்துபோயிருந்த அவள் ஏழாவதாக வந்தாள். டிரில் மாஸ்டர் அடுத்த மாதமே மாற்றலாகிப் போனார். சில வருடத்தில் செத்தும் போனார்.

ஏற்பட்ட சிரமத்துக்கு வருத்தம் தெரிவித்து அந்தச் செயலாளர் ஒரு கடிதத்தோடு அவள் வீட்டுக்கு வந்தார். பிறகு அந்தக் கடிதத்தில் ஒரு திருத்தத்தோடு வந்தார். திருத்தத்துக்கு ஒரு விளக்கத்தோடு வந்தார். நாலாவது தடவை வந்தது பெண் கேட்க. பதிவேடு வைத்திருக்கிற ஆளையே கட்டிக்கொண்டால் என்றைக்காவது ஒரு வரியைத் திருத்த வைத்துவிடலாம் என்று நினைத்து அவளும் தலையாட்டினாள். நாற்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அது ஒன்றுதான் நடக்கவில்லை. "ஏங்க, அன்னைக்கு நான்தானே முதல்ல வந்தேன்?" என்று கேட்பாள். "வந்த. யாரு இல்லேன்னா? ஆனா அது ஒத்திகை" என்பார் அவர், மூக்கின் மேல் இருக்கும் கண்ணாடியை மேசை இழுப்பறையில் தேடியபடி.

திங்கட்கிழமை காலை சமையலறையில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று உட்கார்ந்து மண் தின்றுகொண்டிருந்தது. மகள் ஒரு பார்வையிலேயே அது அம்மா என்று கண்டுகொண்டாள். மூன்று வயது திங்கட்கிழமை என்றால் மிச்சம் எப்போது முடியும் என்று டாக்டர் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு வியாழன் என்றார். செயலாளர் அன்றே அச்சகத்துக்குப் போய்விட்டார். பதினாறு அடி முன்னறையில் வாசல் பக்கம் கட்டிலைப் போட்டார். எதிர்ச்சுவரில் இரும்பு பீரோ. நடுவில் வழிவிட்டு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலிகள். நிகழ்ச்சி நிரலும் தயாரானது: வரவேற்புரை, தலைவர் தொடங்கி வைத்தல், நினைவுகள், நன்றியுரை. வியாழன் காலை தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"இந்தா பாரு, அந்த ஏரிச் சமாசாரத்தை விட்டுரு. நம்ம வெள்ளிவிழாவை நினைச்சுக்க. அதுல நான் நல்லாப் பேசியிருப்பேன்."

"நினைப்பு என்ன உங்க நிகழ்ச்சி நிரலா, வெட்டி ஒட்டறதுக்கு?"

மூன்று மணிக்கு அறை நிறைந்துவிட்டது. எதிர்வீட்டு இன்ஜினியர் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நகரசபைத் தலைவரை மட்டும் காணவில்லை. மூன்றேகால் ஆயிற்று. கண்ணாடிக்காரம்மாவின் பாதத்தில் ஈரம் தட்டியது. கட்டிலின் கீழே சிற்றலை சலசலக்கும் சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்டது. இதற்குத்தானே காத்திருந்தோம் என்று மூச்சை இழுத்துவிட்டாள்.

"தலைவர் கிளம்பிட்டாராம், வந்துட்டே இருக்காரு. கொஞ்சம் பொறுத்துக்கம்மா" என்றார் செயலாளர், போனைக் காதிலிருந்து எடுக்காமல்.

"அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடினாள். எங்கோ விசில் ஊதியது. ஏரி உள்ளே வந்தது.

வாசல் வழியாக வரவில்லை. தரையிலிருந்து நிதானமாக ஏறியது, பாலில் வெதுவெதுப்பு ஏறுவது போல. முழங்கால், இடுப்பு என்று ஏறி நின்றது. நாற்காலிகள் மிதந்தன. கட்டில் மட்டும், மரியாதை தெரிந்த கட்டிலாக, தண்ணீர் மட்டத்துக்கு எழும்பிப் படகு போல ஆடிக்கொண்டிருந்தது. வாசற்படியிலிருந்து பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, இடுப்பில் கயிறு கட்டிய அரைக்கால் சட்டையோடு குதித்தாள்; பின்னால் பத்துப் பையன்கள். பதினாறு அடி அறையைக் கடக்க அவளுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று இன்ஜினியர் மனக்கணக்குப் போட்டார். போட்ட கணக்கு உதவவில்லை. ஏரி என்றால் ஏரிதான். கை மாற்றிக் கை போட்டு அவள் நீந்திக்கொண்டே இருந்தாள், பீரோ தொலைவில் கடுகளவாகத் தெரிந்தது. நடுவில் ஓரிடத்தில் அவளுக்கு இடது தொடையில் சுளுக்கு. கட்டிலில் கிடந்தவளின் கால் வெட்டி இழுத்தது. முதல் வரிசையில் ஒருவர் தன்னையறியாமல் "விடாத, விடாத!" என்று கத்தினார். பிறகு எல்லாருமே கத்தினார்கள். மகள், வகுப்பில் பிள்ளைகளை அடக்கிப் பழகிய அதே குரலில், எல்லாரையும்விட உரக்கக் கத்தினாள். அந்தப் பெண் பீரோவைத் தொட்டாள். இரண்டாவது ஆள் அப்போதுதான் பாதி ஏரியில் இருந்தான்.

படகிலிருந்து டிரில் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மேடையில் மைக்காரர் வாயைப் பிளந்து அலறியது எல்லாருக்கும் தெரிந்தது, ஆனால் சத்தமே வரவில்லை. அவள் காதில் வாங்கிக்கொண்டது மட்டும்தானே நினைவு. அன்றைக்கு அவள் மைக்கைக் காதில் வாங்கவில்லை. "பத்தொன்பது நிமிஷம், பதினோரு செகண்ட்" என்று டிரில் மாஸ்டர் சொன்னது கடைசி வரிசை வரை கணீரென்று கேட்டது.

கைதட்டலில் பல்பு ஒன்று கழன்று விழுந்தது. அதற்குள் பேட்ஜ் போட்ட இளைஞன் கரையோரமாக ஓடி வந்து விதியை எடுத்துரைக்க ஆரம்பித்தான். கூட்டம் அவனைத் திட்டித் தீர்த்தது, அவனுக்குக் கேட்கவில்லை. ஆனால் அவனுக்கு மூன்றடி தள்ளி, இடுப்பளவு தண்ணீரில், பதிவேட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அவனே எழுபத்திரண்டு வயதில் நின்றான். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"பெரியோர்களே, இது ஒத்திகைதான்..." என்று செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"சார், ஒத்திகையிலேயே எனக்கு நெஞ்சு வரைக்கும் நனைஞ்சு போச்சு" என்றார் இன்ஜினியர்.

மகள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அப்பாவின் அருகே வந்தாள். "அப்பா, இன்னைக்கும் தலைவர் வரல. யாரும் எதையும் தொடங்கி வைக்கல. அப்போ அம்மா சாகறதும் ஒத்திகையா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த விதியால் தமக்கே ஒரு லாபம் இருப்பது செயலாளருக்குத் தெரிந்தது. விதி செல்லுமானால் இது சாவே இல்லை. தலைவர் வராமலே இருந்துவிட்டால் போதும், இவள் சனிக்கிழமையும் இருப்பாள், அடுத்த மாதமும் இருப்பாள், இழுப்பறையில் கண்ணாடியைத் தேடும்போது மூக்கின் மேல் இருக்கிறது என்று சொல்வாள். கையில் இருந்த போனைப் பார்த்தார். அதைத் தண்ணீருக்குள் விட்டார். அவர் நினைத்தது கட்டிலில் கிடந்தவளுக்கு வரி வரியாகத் தெரிந்தது. தெரியாமல் இருக்க அவள் என்ன நேற்று வந்தவளா?

"விதியைச் சொல்லி என்னைப் பிடிச்சு வைக்காதீங்க" என்றாள். "எழுதுங்க."

பதிவேடு நாற்பத்தேழு வருடத்துக்குப் பின்னால் திரும்பியது. ஆனாலும் மனிதர் செயலாளர் ஆயிற்றே. பேனாவைத் திறந்துவிட்டு நிறுத்தினார். "வரவேற்புக் குழுவுல ஏழு பேராவது இருந்தாத்தான் தீர்மானம் செல்லும். என்னைத் தவிர எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்களே?"

"அதோ மேடையில வரிசையா நிக்கறாங்களே, அவங்க யாராம்?" என்றாள் மகள். "வருகைதானே வேணும்? காது கேக்கணும்னு எந்த விதியில இருக்கு?"

செயலாளர் எண்ணிப் பார்த்தார். பத்துப் பேர், அத்தனை பேரும் சட்டையில் பேட்ஜோடு. தம்மை இரண்டு தடவை சேர்த்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்து, முறையாகாது என்று விட்டுவிட்டார். ஆட்சேபம் உண்டா என்று மேடையைப் பார்த்துக் கேட்டார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. போட்டி விசில் ஊதிய கணத்திலேயே தொடங்கியதென்றும், அதில் முதலிடம் அம்மையார் அவர்களுக்கே என்றும், நேரம் பத்தொன்பது நிமிடம் பதினோரு விநாடி என்றும், அன்றைய செயலாளர் கூறியது தவறு என்றும் எழுதினார். கடைசிச் சொற்றொடரை எழுதும்போது பேனாவை ஒருமுறை உதறிக்கொண்டார். ஆனால் அடித்து எழுதவில்லை. உரக்கப் படித்தார்.

"இன்னொரு தடவை" என்றாள் அவள். "பின்வரிசைக்குக் கேக்கல."

பின்வரிசைக்கு நன்றாகக் கேட்டிருந்தது. இருந்தாலும் படித்தார். மூன்றாவது தடவை கேட்காமலே படித்தார்; இந்தத் தடவை 'அம்மையார்' என்று எழுதியிருந்த இடத்தில் 'என் மனைவி' என்று படித்தார். அறை முழுக்க நனைந்த உடம்போடு எழுந்து நின்று கைதட்டியது. கரையில் நின்ற பெண் முடியைப் பிழிந்துகொண்டே திரும்பி, யாரையோ பார்த்துச் சிரித்தாள். நினைவில் வருகிறவர்களுக்கு ஒன்றும் கேட்காது என்கிற சுற்றறிக்கையை நகரசபை பிற்பாடு திருத்தி வெளியிட்டது.

அதன் பிறகு தண்ணீர் வந்த வழியே இறங்கிப் போயிற்று. மிச்ச நினைவுகளைக் கண்ணாடிக்காரம்மா கையை வீசி விரட்டினாள். கல்யாணம் மூன்று நிமிடத்தில் முடிந்தது. முப்பத்தொரு வருடத்து மூக்குகள் வரிசையில் வந்து தலையாட்டிவிட்டுப் போயின. வெள்ளிவிழாவில் செயலாளர் மேடை ஏறிய இடத்தோடு நிறுத்திக்கொண்டாள். நாலேகாலுக்குத் தலைமுடி சொட்டச் சொட்ட, ஜெயித்த மூச்சு வாங்கிக்கொண்டே, இறந்தாள். நாலரைக்குத் தலைவர் வந்தார். செயலாளர் அவரை வாசலிலேயே நிறுத்தி, நிகழ்ச்சி தொடங்கி முடிந்துவிட்டது என்று தெரிவித்தார்.

மறுநாள் அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் குழாயில் தண்ணீர் வரவில்லை; ஏரி போகிற போக்கில் அதையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது.