கழித்துப் போட்ட பீன்ஸ்

விதைத்த பீன்ஸெல்லாம் எங்கே போகிறது என்று சமையல்காரருக்கு விளங்கவில்லை. மண் பொலபொலவென்று இருந்தது. வெயிலுக்குப் பஞ்சமில்லை. காலையும் மாலையும் குழாயைத் திறந்து நனைத்தார். எலியோ பறவையோ கிளறிய அடையாளமும் கிடையாது. ஆனாலும் இரண்டு முறை போட்டதில் ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. மூன்றாம் முறையாக, மனைவியின் ஜாடியைக் கவிழ்த்துத் தட்டி, மிச்சமிருந்த நல்ல விதைகளை எல்லாம் போட்டுவிட்டார். அந்தப் பாத்தியும் இப்போது மொட்டையாகக் கிடந்தது.

கடையில் போர்லோட்டி பீன்ஸ் கிடைக்கும். பால் நிறத்தில் சிவப்புக் கோடுகள் தெறித்த அதே பீன்ஸ்தான். ஆனால் ஜாடியில் இருந்தது வேறு. முதலில் காய்த்த நீளக் காய்களை மனைவி பறிக்கவே மாட்டாள். குலுக்கினால் கலகலக்கும்வரை கொடியிலேயே காயவிட்டு, அதிலிருந்து விதைக்குப் பொறுக்குவாள். வருஷா வருஷம் இப்படிப் பொறுக்கிப் பொறுக்கி, இந்தத் தோட்டத்து மண்ணுக்குப் பழகிப்போன விதை அது.

"வெந்தா கோடெல்லாம் போய் ஒரே பழுப்பு. இதுக்குப் பொண்ணு பாக்குற மாதிரி என்ன பார்வை?" என்று அவர் கேலி செய்வார்.

"உங்களுக்கு எல்லாமே அண்டாவுக்குள்ள போற சாமான்தான்" என்பாள் அவள்.

தோட்டம் அவளுக்கு, அடுப்பு அவருக்கு என்று பாகம் பிரித்துக்கொண்ட வீடு. அவள் விதை போடும்போது அவர் ஒரு நாளும் பக்கத்தில் நின்றதில்லை. போன குளிர்காலத்தில் அவள் போய்விட்டாள். அவள் கைபட்டதில் உயிரோடு மிஞ்சியது அந்த விதை ஒன்றுதான்.

மனைவியின் தங்கை பின்வாசல் வழியாக வந்தாள்.

"அத்தான், சாப்டீங்களா?"

"கேன்டீன்ல ஊருக்கே ஆக்கிப் போடுறவன்கிட்ட கேக்குற கேள்வியாம்மா இது?"

"ஆக்குறவர் கன்னம் ஒட்டிக் கெடக்கே. அதான் கேட்டேன்."

அவர் பாத்தியில் விரலை விட்டுக் கிளறினார். ஒரு விதை வந்தது. தோல் உரிந்து, பருப்பு இரண்டாகப் பிளந்து, கூழாகிக் கிடந்தது. முகர்ந்து பார்த்தார்.

"இந்த வாடை எனக்குத் தெரியும். ஊறப்போட்டதை மறந்துட்டு லீவுக்குப் போனா, திரும்பி வர்றப்போ அண்டாவுல அடிக்குமே, அதேதான்."

"விதையை ஊறவா போட்டீங்க?"

"ராத்திரி பூரா. ஊறாத பீன்ஸை இந்தக் கை எதுலயும் போட்டதில்லையே."

"அப்போ வேலியோரம் வந்திருக்கே, அதுவும் ஊறப்போட்டதா?"

அவர் திரும்பிப் பார்த்தார். குழாய் எட்டாத மூலையில், தூறலில் நனைந்த மண்ணைத் தள்ளிக்கொண்டு, கொக்கிபோல வளைந்த தண்டுகள் எழுந்து நின்றன. ஒன்றின் தலையில் சிவப்புக் கோடு போட்ட தோல் இன்னும் ஒட்டியிருந்தது.

ஊறப்போடும் முன் தட்டில் பரப்பிச் சொத்தையும் சுருங்கலும் கழிப்பது கேன்டீன் பழக்கம். அப்படிக் கழித்ததில் ஒரு பிடியை அங்கேதான் வீசினார், காய்ந்தபடியே. பிறகு அங்கே களை கொத்தி மண்ணைக் கிளறியபோது அவை உள்ளே போயிருக்கின்றன.

காய்ந்த பீன்ஸைத் தண்ணீரில் மூழ்கப் போட்டால் அது மடமடவென்று குடிக்கும். குடிக்கிற வேகத்தில் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். சமையலுக்கு நல்லது, சீக்கிரம் வேகும். ஆனால் விதை முளைக்க மூச்சுவிட வேண்டும். விரிசல் விட்டு, இரவெல்லாம் மூச்சுமுட்டிக் கிடந்ததை ஈர மண்ணில் புதைத்து, மேலும் மேலும் தண்ணீர் ஊற்றினால் அது அழுகத்தான் செய்யும். ஈர மண் மட்டும் என்றால் விதை தனக்கு வேண்டியதை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும்.

அவர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவ பொறுக்கி வெச்சதை எல்லாம் நானே முக்கிக் கொன்னுட்டேனேம்மா. முளைச்சது பூரா கழிசல்."

"கழிசல்னாலும் அதே ஜாடிதானே அத்தான்? அக்கா கொடியில காய்ச்சதுதானே?"

அவள் சொன்னது சரிதான். பீன்ஸ் பூ பெரும்பாலும் விரியும் முன்பே தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். அதனால் காய்க்குள் இடம் போதாமல் சுருங்கிய விதையும் அதே ஜாதிதான். ஆனால் அது அவர் காதில் ஏறவில்லை. அவள் தொட்டுப் பார்த்து 'இது' என்று எடுத்தவற்றில் திரண்ட நல்ல விதை ஒன்றுகூட இனி இல்லை. இனிமேல் பொறுக்கவும் அவளில்லை.

வெகுநேரம் கழித்து எழுந்தார். கழித்ததில் இன்னொரு பிடி சமையலறை ஜன்னலில் ஒரு டப்பாவில் கிடந்தது. எடுத்து வந்தார். கை வழக்கம்போலக் கிண்ணத்தைத் தேடியது; இழுத்துக்கொண்டார். முன்தினத் தூறலின் ஈரம் காயாத வேலியோரத்தில் விரலால் குழி போட்டு, ஒவ்வொன்றாக இறக்கி மூடினார். மைத்துனி பழக்கதோஷத்தில் ஒரு வாளித் தண்ணீர் கொண்டு வந்தாள்.

"வேணாம்மா" என்று வாங்கிக் கீழே வைத்தார்.

காய்ந்த விதையை, ஏற்கெனவே ஈரமாக இருக்கும் மண்ணில், விரலின் இரண்டு கணு ஆழத்தில் போட்டு மூட வேண்டும். முளை வெளியே வரும்வரை தண்ணீர் ஊற்றக் கூடாது.