ஜோசப்ராஜ் மகன் எம்.ஐ.டி.

அரை மார்க்கில் போன சீட்டு அது. போனது ஆரோக்கிய ஜெகனுக்குத்தான் என்றாலும், அதை அன்றிலிருந்து தேடிக்கொண்டே இருந்தவர் அவன் அப்பா ஜோசப்ராஜ். கடலூர் முதுநகரில் ரிட்டையர்டு கண்டக்டர். பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, கவுன்சலிங் எப்போது என்றுகூடத் தெரியாத நிலையில், மாதா கோயில் வாசலில் நின்று "எம் பையன் எம்.ஐ.டி." என்று பங்குமக்களுக்கெல்லாம் லட்டு கொடுத்துவிட்டார். குரோம்பேட்டையில் இருக்கும் எம்.ஐ.டி.தான் அவருக்குக் காலேஜ். மற்றவையெல்லாம் வெறும் கட்டடம். கவுன்சலிங்கில் அரை மார்க் காலை வாரிவிட்டது. லட்டு தின்ற வாய்கள் சும்மா இருக்குமா? "என்ன கண்டக்டரே, பையன் எம்.ஐ.டி.க்குக் கெளம்பிட்டானா?" என்று ஒரு வருஷம் கேட்டு ஓய்ந்தன.

ஜெகன் அண்ணாமலை நகரில் இன்ஜினியரிங் சேர்ந்தான். நல்ல படிப்புதான், நல்ல வாத்தியார்கள்தான். ஆனால் யாராவது விசாரித்தால் ஜோசப்ராஜ், "சிதம்பரத்துல இருக்கான்" என்பார், ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பது போன்ற குரலில். மகனை ஒரு நாளும் திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று ஜெகனுக்குப் பல முறை தோன்றியிருக்கிறது.

கடைசி வருஷம் அவன் ஒரு புரோகிராம் எழுதினான். சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில், வெள்ளாற்றங்கரையில் கருவேலமேடு என்று ஒரு சிற்றூர். பேரில்தான் மேடு. மேற்கே எங்கோ பெய்த மழைக்கு, இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்து வாசலில் நிற்கும். சிதம்பரத்தில் இருந்த ஒரு அறக்கட்டளை, ஆற்றுப் பாலத்தின் தூணில் தண்ணீர் மட்டத்தை அளக்கும் கருவி ஒன்றைப் பொருத்திக் கொடுத்தது, போன் செலவையும் ஏற்றுக்கொண்டது. மட்டம் ஏறினால் ஜெகனின் புரோகிராம் ஊரிலுள்ள எல்லா வீட்டுக்கும் தானாகவே போன் போடும். எடுத்தால் ஒரு பெண் குரல் பேசும்.

அந்தக் குரல் பட்டம்மாளுடையது. கரையோரக் கடைசி வீட்டுக்காரி. "மெட்ராஸ் பொண்ணுங்க மாதிரி பேசுனா எங்க ஆளுங்க வெளம்பரம்னு கட் பண்ணிடுவாங்க தம்பி. எங்கூட்டுக்காரிய பேச உடு" என்றது அவள் புருஷன் உத்திராபதி. மாட்டுக் கொட்டகையில் நின்று, ஜெகன் நீட்டிய போனைப் பார்த்துக் கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னாள்: "வெள்ளாத்துல தண்ணி வருது. மாட்ட அவுத்து மேட்டுல கட்டுங்க. புள்ளைங்கள ஆத்துப் பக்கம் உடாதீங்க." சொல்லிவிட்டு, "போதுமா தம்பி?" என்று கேட்டாள். அதுவும் பதிவாகிவிட்டது. ஜெகன் வெட்டவில்லை. அந்த வருஷ மழையில் போன் அடித்தபோது ஊரே "போதுமா தம்பி" என்று சிரித்தது. சிரித்துக்கொண்டே மாட்டையும் அவிழ்த்து மேட்டில் கட்டியது.

மற்ற ஆற்றங்கரை ஊர்களும் எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் அதை இணையத்தில் பொதுவில் போட நினைத்தான். போடும்போது அந்த இணையப் பக்கம் ஒரு கேள்வி கேட்டது: எந்த லைசென்ஸ், அதாவது எடுப்பவர்கள் என்ன நிபந்தனையில் எடுக்கலாம்? கூடவே ஒரு பட்டியல். அவன் தங்கியிருந்த லாட்ஜுக்குக் கீழே இருந்த டீக்கடை பெஞ்சில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஜெகன் பார்த்தான். பட்டியலின் நடுவில் மூன்றே எழுத்து, எம்.ஐ.டி. வைத்த கண்ணை எடுக்க முடியவில்லை.

பக்கத்தில் இருந்தவள் வினோதினி, அவன் வகுப்புத் தோழி. அவளுக்கு லட்டுக் கதை தெரியும்.

"டேய், அது குரோம்பேட்ட இல்ல. அமெரிக்காவுல இருக்கிற காலேஜு. அவுங்க எழுதின லைசென்ஸு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா? அதுல ஒரே கண்டிஷன்தான்டா. உன் பேர அழிக்கக் கூடாது. மத்தபடி எவன் வேணா எடுக்கலாம், மாத்தலாம், பூட்டி வெச்சுக் காசுக்கு விக்கலாம். பேசாம ஏ.ஜி.பி.எல். போடு. எடுக்கிறவன் அவன் மாத்தி எழுதினதையும் ஊருக்குத் தொறந்து வெக்கணும்."

"கருவேலமேட்டு மாட்ட நம்பி எந்தக் கம்பெனி வந்து கடை போடப் போவுது?"

தெரிந்தேதான் எம்.ஐ.டி.யை அழுத்தினான். அழுத்தியதும் திரையில் மேலே எம்.ஐ.டி. என்று வந்தது, கீழே ஆரோக்கிய ஜெகன் என்று வந்தது. டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். இந்தச் சில்லறை ஆசைக்கு அவனைக் குறை சொல்லுகிறவர்களுக்கு, அரை மார்க்கில் எதையாவது விட்டுப் பார்த்தால் தெரியும்.

படிப்பு முடிந்து ஜெகன் சிதம்பரம் மேலவீதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டேலி சொல்லிக் கொடுக்கப் போனான். புரோகிராமையும் பார்த்துக்கொண்டான். அப்போதுதான், படிக்கும்போது லாட்ஜில் அவனோடு ஒரே அறையில் இருந்த ஜெயப்பிரகாஷ் சென்னையிலிருந்து வந்தான். "மச்சான், உன் புரோகிராம எங்க கம்பெனி எடுக்குது. பெரிய லெவல்ல பண்றோம்" என்றான். ஜெகனுக்குத் தலைகால் புரியவில்லை. அவனே டீ வாங்கிக் கொடுத்தான், வடையும் வாங்கிக் கொடுத்தான். அறக்கட்டளையும் யோசித்தது. டேலி வகுப்புக்கு நடுவில் ஒரு பையன் பார்த்துக்கொள்வதைவிட ஒரு கம்பெனி பார்த்துக்கொண்டால் நல்லதுதானே? பாலத்துக் கருவியைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். எல்லோருமே இதில் நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

முதல் வருஷம் இலவசம். அதற்குள் அறக்கட்டளையில் பணம் வற்றிவிட்டது. அடுத்த வருஷம் சந்தா என்றது கம்பெனி. கட்டின வீட்டுக்குப் போன் வரும், கட்டாத வீட்டுக்கு வராது. கருவேலமேட்டில் கட்டியது டிராக்டர் வைத்திருந்த அறிவழகன் மட்டும். மற்றவர்களுக்குக் கட்ட வேண்டும் என்பதே சரியாகத் தெரியாது. போன் வரும் என்றே இருந்தார்கள்.

ஐப்பசியில் ஒரு காலை, வெயில் சுள்ளென்று அடித்தது. உத்திராபதியும் பட்டம்மாளும் நடவுக்குப் போயிருந்தார்கள். அவர்களுடைய ஒரே பசுவும் கன்றும் ஆற்றுப் படுகையில் மேய்ச்சலுக்குக் கட்டியிருந்தன. அறிவழகன் வீட்டில் போன் அடித்தது. அவர் டிராக்டரை மேட்டுக்கு ஓட்டினார், வைக்கோலை ஏற்றினார், ஆளைக் கூப்பிட்டு நெல் மூட்டையைத் தூக்கினார். எல்லா வீட்டுக்கும் போன் வந்திருக்கும் என்றே நினைத்தார். பட்டம்மாள் நடவு வயலிலிருந்து ஓடி வந்தபோது படுகையே இல்லை, தண்ணீர்தான் இருந்தது. வடிந்த பிறகு பார்த்தால் கட்டிய இடத்திலேயே கிடந்தன இரண்டும். நல்ல உறுதியான கயிறு, அறவில்லை.

ஜெகன் போய் அந்த வீட்டு வாசலில் நின்றான். அவள் திட்டுவாள் என்று தயாராகத்தான் போனான்.

"என் கொரலு அவுங்க ஊட்டுக்குப் போயிருக்கு தம்பி" என்றாள் பட்டம்மாள். "எங்கூட்டுக்கு வரல. போதுமா தம்பின்னு கேட்டனே, அதும் அப்பிடியே இருக்குதாம். அறிவழகன் சொன்னாரு." காலிக் கொட்டகைப் பக்கம் திரும்பினாள். "நான் சொன்னத நான் கேக்கணும்னா காசு குடுக்கணுமா?"

அவனை அவமானம் பிடுங்கித் தின்றது.

ஜெயப்பிரகாஷைக் கீழவீதியில் ஒரு ஓட்டலில் பிடித்தான். அவன் பெண்ணுக்கு மொட்டையடிக்கக் குடும்பத்தோடு வந்திருந்தான்.

"அந்த ஊருக்கு மட்டுமாவது ஃப்ரீயா உடச் சொல்லு மச்சான்."

"கேட்டேன்டா. ஒரு ஊருக்கு உட்டா எல்லா ஊருக்கும் உடணும்னு சொல்லிட்டாங்க. நான் அங்க வெறும் சம்பளக்காரன்."

"கருவியிலேர்ந்து வர்ற அளவையாவது குடு. நானே என் போன்லேர்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் அடிக்கிறேன்."

"அது கம்பெனி டேட்டா, வெளிய குடுத்தா என் வேலை போயிடும்."

"பட்டம்மா கொரலு? அதுவும் கம்பெனியோடதா?"

ஜெயப்பிரகாஷ் இலையைப் பார்த்தான். "அதுவும் உன் போல்டர்லதானே மச்சான் இருந்துச்சு. லைசென்ஸ் நீ போட்டது." பிறகு, ஆறுதல் சொல்லுவதாக நினைத்துக்கொண்டு, தன் போனில் கம்பெனி ஆப்பைத் திறந்து, கீழே கீழே தள்ளிக்கொண்டே போய் ஒரு பக்கத்தைக் காட்டினான். "உன் பேர நாங்க எடுக்கல பாரு. கண்டிஷன மீறவே இல்ல."

எம்.ஐ.டி. அதன் கீழே ஆரோக்கிய ஜெகன். இருந்தது.

வினோதினிக்குப் போன் போட்டான். அவள் இப்போது பெங்களூரில். "மாத்தலாம்டா. இனிமே நீ எழுதறதுக்கு ஏ.ஜி.பி.எல். போடலாம். போனத திருப்பி வாங்க முடியாது."

"அன்னைக்கே அதப் போட்டிருந்தா மாடு பொழைச்சிருக்குமா?"

"தெரியலடா. அப்பவும் காசு கேட்டிருக்கலாம். இல்ல, இது நமக்கு ஒத்து வராதுன்னு கிட்டயே வராம போயிருக்கலாம்."

அன்றைக்கே லைசென்ஸை மாற்றினான். மாற்றி என்ன? பாலத்துக் கருவி கைவிட்டுப் போனபின் அவனுடைய புரோகிராம் செவிடாகிவிட்டது. ஆறு ஏறுகிறதா இறங்குகிறதா என்று அதற்குச் சொல்ல ஆளில்லை. யாரும் எடுக்காத சரக்குக்கு நல்ல பூட்டாகப் பார்த்துப் போட்டதுதான் மிச்சம்.

அடுத்த சனிக்கிழமை கடலூருக்குப் போனான். வாசற்படியிலேயே ஜோசப்ராஜ் நின்றுகொண்டிருந்தார். கையில் போன், கண்ணெல்லாம் ஈரம்.

"உன் ஃப்ரெண்டு ஜெயப்பிரகாசு ஊருக்குத் திரும்பும்போது இங்க வந்துட்டுப் போனாம்பா. அவந்தான் இதுல ஏத்திக் காட்டுனான்." விரலால் திரையைத் தொட்டு, எழுத்தெழுத்தாகப் படித்தார். "எம். ஐ. டி. கீழ உன் பேரு. இதுக்கு என்னடா அர்த்தம்? உன் புரோகிராம எம்.ஐ.டி.யில சேத்துட்டாங்களா?"

ஜெகன் வாயைத் திறந்தான். இல்லப்பா, அது வேற எம்.ஐ.டி.; அதால ஒரு மாடும் கன்னுக்குட்டியும் செத்துப் போச்சு என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் போனான். ஆனால் அப்பாவின் முகத்தில், அந்த லட்டுக் கொடுத்த நாளுக்குப் பிறகு அவன் பார்த்தேயிராத ஒரு முகம் வந்து உட்கார்ந்திருந்தது.

"ஆமாம்பா" என்றான்.

"எப்போ?"

"ரெண்டு மூணு வருஷம் ஆச்சு."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணலியாடா உனக்கு?" என்று கோபமாகக் கேட்டுவிட்டு, அவனைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொள்ளுகிற மனிதரே இல்லை அவர்.

ஞாயிறு காலைப் பூசைக்கு இருவரும் போனார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மூன்றாவது பெஞ்சில், எல்லோருக்கும் தெரிகிற இடமாகப் பார்த்து ஜோசப்ராஜ் உட்கார்ந்தார். பூசை தொடங்குமுன், அன்றைய பூசை யார் யாருக்காக, எதற்காக என்று பூசைக் கருத்துகளை வாசித்தார்கள். இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக இரண்டு. ஒரு பிறந்தநாள். அதன் பிறகு ஒலிபெருக்கியில் வந்தது: "தம் மகன் ஆரோக்கிய ஜெகனின் பெயர் எம்.ஐ.டி.யில் இடம்பெற்றதற்கு நன்றியாக, ஜோசப்ராஜ் குடும்பத்தார்."

முன் பெஞ்சில் தலைகள் திரும்பின. லட்டு தின்ற தலைகள். ஜோசப்ராஜ் யாரையும் பார்க்கவில்லை, பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெகனின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. உத்திராபதி. குனிந்தபடி வெளியே வந்து, தாழ்வாரத்தில் மழைச் சாரலில் நின்று எடுத்தான்.

"தம்பி, இங்க மழ ஊத்துது. அறிவழகன் ஊட்டுல யாரும் இல்ல, பூட்டிக் கெடக்கு. ஆத்துல தண்ணி வருதான்னு பாத்துச் சொல்றியா?"

எங்கே பார்ப்பது? "தெரியல மாமா. எனக்கு இப்ப எதுவும் தெரியறதில்ல" என்றான். அதோடு வைக்க மனம் வராமல், எத்தனையோ முறை கேட்டுப் பழகிய வார்த்தை தானாக நாக்கில் வந்துவிட்டது. "எதுக்கும் மாட்ட அவுத்து மேட்டுல கட்டிடுங்க மாமா."

"ஏது தம்பி மாடு?" என்றார் உத்திராபதி.

உள்ளே எல்லோரும் எழுந்து பாடத் தொடங்கியிருந்தார்கள். ஜெகன் திரும்பிப் போனபோது ஜோசப்ராஜ் பக்கத்திலிருந்தவரை நகரச் சொல்லி அவனுக்கு இடம் வைத்திருந்தார். "யாருடா போன்ல? வாழ்த்து சொல்றாங்களா?" என்று காதோரம் கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அவனும் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தான்.